தரை, தோல், நெஞ்சு

டாக்டர் நடக்கச் சொன்னார். கொடைக்கானலில் நடப்பதென்றால் ஏரியைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். சீசனில் குதிரைக்கும் வாடகை சைக்கிளுக்கும் நடுவே அங்கே மனுஷர் நடக்க இடமிருக்காது. சீசன் இல்லாத நாளில் மழை. அதனால், சனிக்கிழமை நாலு மணிக்கு ஆப்பிரிக்க, கரீபிய நடன வகுப்பு, ஊர்க்காரர் யாரும் வரலாம், வயது தடையில்லை என்று எங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் பெயரைக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்தப் பள்ளியின் நூலகத்தில் வேலை. ஆட ஆசைப்பட்டுப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரைக்குப் பயந்து போனேன்.

சொல்லிக்கொடுத்தவர் டிரினிடாட் தீவிலிருந்து இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பள்ளிக்கு வந்திருந்த ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் சில வருஷம் தங்கி ஆட்டம் படித்தவர். நாங்கள் எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். வகுப்பு நடந்தது மரத்தரை போட்ட பழைய ஹால் ஒன்றில். அதன் சாவி என்னிடம் இருந்தது; டீ போடும் பொறுப்பும் தானாகவே என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஹாஸ்டல் வார்டன்கள், ரிட்டயரான பேங்க்காரர் ஒருவர், அவர் மனைவி, பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாய். பாய்க்கு அறுபது வயது, முட்டி வலி. டாக்டர் சொல்லி வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

முதல் பாடம் முட்டியை மடக்குவது. அரை உட்காரலாக நிற்க வேண்டும், முதுகு முன்னால் சாய வேண்டும், பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். கேட்க எளிது. இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் எங்களை அறியாமல் நிமிர்ந்துவிடுவோம். மிஸ் வந்து தோளை அழுத்தி இறக்குவார். நாங்கள் படித்த ஆட்டங்களில் ஒன்று, கினி நாட்டுப் பெண்கள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது ஆடுவது. இன்னொன்று டிரினிடாடின் லிம்போ, குறுக்கே பிடித்த கம்புக்குக் கீழே பின்னால் வளைந்து போவது. இப்போது ஓட்டல்களில் டூரிஸ்ட்டுகளுக்குக் காட்டுகிறார்கள், ஆனால் அது செத்த வீட்டில் ஆடிய ஆட்டம் என்றார் மிஸ். பாய் கம்புக்குக் கீழே போகவில்லை. கம்பைப் பிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

ஆடுகிறவர் எண்ணிக்கொண்டு ஆடக் கூடாது என்பது மிஸ் விதித்த சட்டம். மேளம் நடுவில் சின்னதாக ஒன்று பேசும். அதைக் கேட்டதும் அடுத்த அடிக்கு மாற வேண்டும். எப்போது பேசும் என்பது மேளக்காரர் இஷ்டம். எங்களுக்கோ மேளக்காரர் கிடையாது, புளூடூத் ஸ்பீக்கர்தான். அது ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் பேசியது, நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டோம். மிஸ்ஸுக்கு அதில் வருத்தம்.

வகுப்பு முடிவில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியவர்கள் ஒவ்வொருவராக மேளக்காரர் முன்னால் போய், குனிந்து தரையைத் தொட்டு, மேளத்தின் தோலைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட வேண்டும். எங்களை ஆட்டி வைத்ததற்கு நன்றி என்று அர்த்தம். மேளக்காரர் இல்லாததால் ஸ்டூல் மேல் இருந்த ஸ்பீக்கருக்குச் செய்தோம். சிரித்துக்கொண்டே செய்தோம் என்றாலும் பன்னிரண்டு பேரும் செய்தோம். பேங்க்காரர் மனைவி அதைத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டார்.

நான் பழநி அடிவாரத்துக்காரி. அப்பாவுக்கும் அவருக்குப் பின் அண்ணனுக்கும் அங்கே கடை. காவடிச் சாமான், மாலை, விபூதிப் பை. தைப்பூசத்திலும் பங்குனியிலும் கடை வாசலில் மேளம் ஓயாது. அடி வேகம் பிடிக்கப் பிடிக்க ஆடுகிறவருக்குக் கண் சொருகும், சாமி வந்து தரையில் விழுவார். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குள் நின்று பார்ப்போம். அத்தனை வருஷம் பார்த்ததில் மேளம் அடித்த ஒருவரின் முகமாவது ஞாபகத்தில் இருக்கிறதா என்று பிற்பாடு யோசித்தேன். இல்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது கீழ் ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. தப்பு மேளத்தின் சத்தம் ஹாலுக்குள் வந்தது. மிஸ் ஸ்பீக்கரை நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார், அடுத்த நிமிஷம் ரோட்டில் நின்றார். மொழிபெயர்க்க நான் பின்னால் ஓடினேன். டிரினிடாடிலும் இப்படி நெருப்பில் காய்ச்சி அடிக்கும் மேளம் உண்டாம், இந்தியாவிலிருந்து கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களோடு போனதாம். அடுத்த சனிக்கிழமை இவரை வரச் சொல்லுங்கள் என்று, முன்னால் அடித்துப் போனவரைக் காட்டினார். அடக்கம் முடிந்து திரும்பி வரும்வரை காத்திருந்தோம்.

"ஏப்பா, வர்ற சனிக்கெழம நாலு மணிக்கு மேல இருக்குற ஹாலுக்கு வா. தப்பையும் எடுத்துட்டு வா" என்றேன். அவருக்கு என் அண்ணன் வயது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை பார்ப்பவர் அவர். எங்காவது சாவு, துட்டி என்று விழுந்தால் லீவு போட்டுவிட்டுத் தப்படிக்கப் போவார். சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்து, பின்பக்கப் படியருகே தைலமரச் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சினார். கொடைக்கானல் ஈரத்தில் தோல் கால் மணி நேரத்தில் தொய்ந்துவிடும், திரும்பவும் வெளியே போய்க் காய்ச்ச வேண்டும். அதனால் எங்கள் வகுப்புக்கு முதல் முறையாக இடைவேளை என்று ஒன்று வந்தது.

மிஸ் கையால் தட்டிக் காட்டினார். அவர் கேட்டார். இரண்டாவது தடவை காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆளைத் திருப்பிவிட நடுவில் ஓர் அடி போடுவது அவருக்குத் தெரிந்த வேலைதான். நாங்கள்தான் திணறினோம். மனப்பாடம் செய்ததெல்லாம் குப்பைக்குப் போனது. அவர் பேசும் இடத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் பாய் முட்டி வலியை மறந்து நடுவட்டத்துக்குள் போய் இரண்டு சுற்று ஆடிவிட்டார். நானும் ஆடினேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆடினேன். அதுவரை உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் மிஸ் அவர் முன்னால் போய்த் தரையைத் தொட்டு, தோலைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டார். அவர் தப்போடு இரண்டடி பின்னால் போய்விட்டார். பிறகு எங்கள் முறை.

ஒரு வார்டனுக்கு போன் வந்தது. பேங்க்காரர் தம்பதிக்கு வெரசாகப் போக வேண்டியிருந்தது. நான் குனிந்தேன், என் ஷூ லேஸைக் கட்ட. அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினேன்.

பாய் மட்டும் நேராக அவரிடம் போனார். "தரையில குனியிறது அல்லா ஒருத்தனுக்குத்தாங்க, தப்பா நெனக்காதீங்க. ஆனா மனுசனுக்கு மனுசன் கை குடுக்கலாம்ல" என்று சொல்லி, அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிப் பிடித்துவிட்டுத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பாய் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. எங்கள் காரணம் வாய்விட்டுச் சொல்லும்படியானது இல்லை.

அடுத்தடுத்த வாரங்களில் நாங்கள் எல்லோரும் பாய் செய்ததில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தூர நின்று நெஞ்சில் கை வைப்பது. கை கொடுப்பதை விட்டுவிட்டோம். மிஸ் இதைக் கவனித்து, நான் எதையாவது தப்பாகச் செய்யச் சொல்லிவிட்டேனா என்று என்னைத் தனியாகக் கேட்டார். பெண்கள் அந்நிய ஆண் முன்னால் குனிவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். வகுப்பில் ஆண்களும் இருந்தார்கள், அவர்களும் குனியவில்லை என்பது அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் ஊர்க்காரி சொல்கிறாளே என்று நம்பினார். அடுத்த வாரம் எங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வழக்கத்தையே வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

தப்படிப்பவர் தொடர்ந்து வந்தார். மிஸ்ஸின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, அதற்கு முன் மே மாதத்தில் ஊர் மக்களுக்காக ஒரு நிகழ்ச்சி வைக்கலாம் என்று முடிவானது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எல்லோரும் போன பிறகு நான் ஹாலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் போகாமல் பின்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, மொத நாளு மிஸ்ஸம்மா தரையத் தொட்டு, என் தப்பத் தொட்டாங்கள்ல. இப்ப அது இல்ல. நிகழ்ச்சியன்னிக்கு மட்டும் ஒருக்கா செய்யச் சொல்லுங்க" என்றார். "எம்மக திண்டுக்கல்லுல நர்சுக்குப் படிக்கிறா. தப்ப எறக்கி வைங்கப்பான்னு ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டே கெடக்கா. கூடப் படிக்கிற பிள்ளைககிட்ட எஞ்சோலி என்னன்னு அவளால சொல்ல முடியலயாம். அவ ஒரு தடவ அதப் பாக்கணும். பாத்துட்டும் வேணாம்ன்னா விட்டுருறேன்."

மிஸ்ஸிடம் சொல்கிறேன் என்றேன். சொல்ல மூன்று நாளானது. இதைச் சொன்னால் என் பொய்யையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. கடைசியில் மிஸ் நூலகத்துக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் குனியாததற்குத் தப்படிப்பவர் ஆண் என்பது காரணமில்லை, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் காரணம் என்றேன். சொல்லும்போது என் காது சுட்டது.

மிஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். நான் உங்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேனே என்று மட்டும் கேட்டார். பிறகு, தன் ஊரில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் மேளத்துக்குத் தடை போட்டதைச் சொன்னார். ஜனங்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி அந்தச் சத்தத்திலேயே ஆடினார்களாம். அதனால் மேளக்காரருக்குக் குனிவது தனக்கு ஆட்டத்தில் படிக்கிற ஓர் அடி இல்லை என்றார். "அதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். நிகழ்ச்சியன்று நான் செய்வேன். வேறு யார் செய்வது என்பது உங்கள் பாடு."

மற்றவர்களிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் சரி என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிகழ்ச்சியன்று வெள்ளனே பஸ் ஏறி, பழநியிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யா. தங்கை இந்த வயதில் என்ன ஆடுகிறாள் என்று பார்க்க முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஹாலில் இடமில்லாமல் ஆட்கள் ஓரத்தில் நின்றார்கள். தப்படிப்பவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகள் கடைசி வரிசையில் கதவை ஒட்டிய நாற்காலியில், ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். வந்தது பிடிக்கவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

ஆட்டம் நன்றாகவே நடந்தது. லிம்போவில் ஒரு வார்டன் கம்பைத் தட்டிவிட்டார், ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். மீன்பிடி ஆட்டத்தில் அவர் நடுவில் பேசிய இடங்களில் நாங்கள் ஒன்றாகத் திரும்பினோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முடிந்ததும் மிஸ் அவர் முன்னால் போய்க் குனிந்தார். இந்தத் தடவை அவர் பின்வாங்கவில்லை. தப்பை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் போய் இரண்டு கையாலும் கை கொடுத்தார்.

பிறகு ஒரு இடைவெளி. சின்ன இடைவெளிதான். முதல் வரிசையில் அண்ணன் முகம் தெரிந்தது. அடிவாரத்துக் கடைத்தெரு முழுவதும் அந்த முகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனேன். முட்டியை மடக்கித் தரையைத் தொட்டேன். தோலைத் தொட்டேன். நெருப்புக் காட்டிய சூடு அதில் இன்னும் இருந்தது. நெஞ்சைத் தொட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நெஞ்சில் கை வைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கை ஸ்வெட்டர் பையிலிருந்து வெளியே வந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து வந்ததும் அண்ணன், "என்ன, சாமி வந்துருச்சா ஒனக்கு?" என்றான். ஊருக்குப் போய் அப்படித்தான் சொல்லப்போகிறான் என்று புரிந்தது. சாமி வந்து விழுந்தால் குற்றமில்லை. அது வரவில்லை, நானாகத்தான் குனிந்தேன் என்றேன். அவன் கொய்யாப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பேச்சுப் பேசினான்.

அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. அதே பெருமையோடு பக்கத்து அறைக்குப் போய் டீ ஊற்றினேன். பள்ளிச் சமையலறையிலிருந்து வாங்கி வந்த பீங்கான் கோப்பைகளைத் தட்டுகளில் அடுக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அவரும் மகளும் வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். அவர் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்தாள். நான் போய் அவருக்கு டீயைக் கொடுத்தேன். பேப்பர் கப்பில் கொடுத்தேன்.

யாரும் அப்படிக் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் யோசித்துச் செய்யவில்லை. அலமாரியில் ஒரு பாக்கெட் பேப்பர் கப் இருந்தது, அவர் வகுப்புக்கு வந்த முதல் வாரம் நான் வாங்கி வைத்தது. கோப்பை பற்றாமல் போனால் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கியது. கோப்பை ஒரு நாளும் பற்றாமல் போனதில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் அவருக்கு அதில்தான் கொடுத்து வந்திருக்கிறேன். தரையைத் தொட்ட அதே கை, பத்து நிமிஷத்தில் தானாக அந்தப் பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது.

அந்தப் பெண் அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். ஒவ்வொருவர் கையிலும் இருந்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு அப்பா வாயருகே கொண்டுபோன கப்பை வாங்கித் தானே குடித்தாள். காலிக் கப்பை நசுக்கி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. ஸ்பீக்கரை வைத்து ஆடினோம், யாருக்கும் மனசு ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்க வேண்டும். எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் போகிறேன், அந்தப் படிகளில் இறங்கியது அன்றுதான். அவர் ஒரு துட்டிக்குப் போயிருந்தார். மகள்தான் இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே போய், எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள். நான் குடிக்கிறேனா என்று பார்த்தாள். குடித்தேன்.

நான் செய்தது தப்பு என்றேன். வரும் வழியில் இன்னும் நிறையச் சொல்லிப் பார்த்திருந்தேன், அங்கே அவ்வளவுதான் வந்தது. அவள் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து சாப்பிடும் முறையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்பா வருவாரு மேடம். அவருக்கு அந்த ஆட்டம் புடிச்சிருக்கு, நான் வேணாம்னு சொல்லல. ஆனா டீ மட்டும் குடுக்காதீங்க. வீட்டுலயே குடிச்சிட்டு வருவாரு."

சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். மிஸ் ஊருக்குப் போன பிறகும் நாங்கள் வகுப்பை விடவில்லை, அவரும் வருகிறார். இடைவேளையில் பின்படியருகே தப்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். நான் பீங்கான் கோப்பையில் அவருக்கும் ஒரு டீ ஊற்றிக் கொண்டுபோய்ப் படியில் வைக்கிறேன். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேங்கம்மா" என்பார். வகுப்பு முடிந்ததும் ஆறிப்போன டீயைக் கொட்டிக் கோப்பையைக் கழுவி வைக்கிறேன்.